இடிபாடும் அமானிதமே

முஸ்லிம்களின் கட்டடக் கலையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பல. குவிமாடங்களின் எழிலையும், மினாராக்களின் உயரத்தையும், சுவர்களில் பொறிக்கப்பட்ட எழுத்தணியின் நுட்பத்தையும் அறிஞர்கள் வியந்து எழுதியிருக்கின்றனர். ஆயினும் அக்கட்டடங்களுக்குரிய கல்லும் செங்கல்லும் மரமும் எங்கிருந்து வந்தன, ஒரு கட்டடம் பாழ்பட்ட பின்னர் அதன் பொருள்கள் எங்கே சென்றன என்னும் வினாக்களை நாம் அதிகமாக எழுப்பியதில்லை.

இவ்வினாக்கள் இன்று முக்கியத்துவம் பெற்றிருக்கின்றன. நம் ஊர்களில் பழைய வீடுகளும் பழைய பள்ளிவாசல்களும் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் கான்கிரீட் கட்டடங்கள் எழும்பி வருகின்றன. இடிக்கப்பட்டவற்றின் தேக்கு உத்திரங்களும் கதவு நிலைகளும் ஏலத்தில் போகின்றன. எஞ்சிய செங்கல்லும் காரையும் லாரிகளில் ஏற்றப்பட்டு ஊருணியிலோ கண்மாய்க் கரையிலோ கொட்டப்படுகின்றன. கட்டடம் இடிந்ததும் அதன் மீது நமக்குள்ள பொறுப்பும் முடிந்துவிட்டதாக எண்ணுகின்றோம். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது.

கூஃபாவின் கணக்கு

ஹிஜ்ரி 17-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 638-இல், கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் இராக்கில் கூஃபா நகரை நிறுவினார்கள். தொடக்கத்தில் அங்கு நாணற் குடிசைகளே இருந்தன. தீ விபத்தொன்று அக்குடிசைகளை அழித்தபோது, செங்கல்லால் வீடு கட்டிக்கொள்ளக் கலீஃபாவிடம் அனுமதி கோரப்பட்டது. உமர் (ரலி) அவர்கள் அனுமதி அளித்தார்கள். ஆனால் எவரும் மூன்று அறைகளுக்கு மேல் கட்டலாகாது என்றும், உயரத்தில் ஒருவரையொருவர் விஞ்ச முற்படலாகாது என்றும் நிபந்தனை விதித்தார்கள் என வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகின்றார். தேவைக்கு மேல் கட்டாதிருப்பதே சிக்கனத்தின் முதற்படி என்பதை அந்த நிபந்தனை உணர்த்துகின்றது.

அந்நகரின் பள்ளிவாசலுக்குக் கல்லும் தூணும் தேவைப்பட்டன. அருகே ஹீரா என்னும் பழம்பெரும் நகர் இருந்தது. லக்மு மன்னர்களான முன்திர் குடும்பத்தாரின் மாளிகைகள் அங்கே பாழடைந்து கிடந்தன. அவற்றின் இடிபாடுகளிலிருந்து ஒரு பகுதி கூஃபாப் பள்ளிவாசலுக்குக் கொண்டுவரப்பட்டது. இதில் ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கி.பி. 892-இல் மறைந்த பலாதுரீ, நாடுகளின் வெற்றியைப் பற்றித் தாம் எழுதிய நூலில், அவ்விடிபாட்டுப் பொருள்களின் விலை மதிப்பிடப்பட்டு, ஹீராவின் மக்கள் செலுத்த வேண்டிய ஜிஸ்யா வரியிலிருந்து கழிக்கப்பட்டதாக ஒரு செய்தியைப் பதிவு செய்கின்றார்.

ஹீராவின் மக்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். வெற்றி பெற்ற படை முஸ்லிம்களுடையது. மாளிகைகளோ ஆளில்லாப் பாழ். எடுத்துக்கொண்டு போயிருந்தால் தடுப்பார் எவருமில்லை. இருந்தும், இடிந்த சுவரின் செங்கல்லுக்கும் உரியவர் உண்டு, அதற்கும் விலை உண்டு என்னும் கருத்து அந்தப் பதிவில் அடங்கியிருக்கின்றது. பழம்பொருளைக் கொண்டு புதுக் கட்டடம் எழுப்புவதன் முதல் விதியை நம் வரலாற்றில் கூஃபா வகுத்துத் தந்தது எனலாம்.

கிஸ்ராவின் மாளிகை

அடுத்த பாடம் பக்தாதிலிருந்து வருகின்றது. அப்பாஸிய கலீஃபா அல்மன்சூர் கி.பி. 762-இல் பக்தாது நகரைக் கட்டத் தொடங்கினார். நகரின் வாயில்களுக்குக் கதவுகள் வேண்டியிருந்தன. ஸந்தவர்து என்னும் பழைய ஊரிலிருந்து ஐந்து கதவுகளை முன்னர் ஹஜ்ஜாஜ் தாம் கட்டிய வாஸித் நகருக்குக் கொண்டு வந்திருந்தார். அவற்றை வாஸிதிலிருந்து கழற்றி அல்மன்சூர் பக்தாதுக்குக் கொண்டுவந்தார். புதிதாகச் செய்யப்பட்ட கதவே எல்லாவற்றிலும் வலிமை குன்றியது என்று தபரீ குறிப்பிடுவது சுவையான செய்தியாகும்.

கலீஃபாவுக்கு மற்றோர் எண்ணமும் இருந்தது. தைகிரிஸ் ஆற்றின் கரையில், பக்தாதுக்குத் தெற்கே, பாரசீகப் பேரரசின் தலைநகரமாக இருந்த மதாயினில் கிஸ்ராவின் வெண்மாளிகை நின்றது. அதனை இடித்துச் செங்கற்களைப் பக்தாதுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று அவர் தம் ஆலோசகர் காலித் இப்னு பர்மக்கிடம் கேட்டார். வேண்டாம் என்றார் காலித். அம்மாளிகை இஸ்லாம் பெற்ற வெற்றிக்கு நிலைத்த சான்றாக நிற்பது என்றும், அலீ (ரலி) அவர்கள் தொழுத இடமும் அங்கே உள்ளது என்றும் அவர் காரணம் கூறினார். காலித் பாரசீக வழிவந்தவர். தம் இனத்தார் மீதுள்ள பற்றினாலேயே அவர் தடுக்கின்றார் என்று கருதிய கலீஃபா, இடிக்குமாறு ஆணையிட்டார்.

ஒரு பகுதி இடிக்கப்பட்டது. செங்கற்களும் சுமந்து வரப்பட்டன. பின்னர் கணக்குப் பார்த்தபோது, இடிக்கும் கூலியும் சுமக்கும் கூலியும் சேர்ந்து புதுச் செங்கல்லின் விலையைக் காட்டிலும் மிகுந்திருந்தன. கலீஃபா மீண்டும் காலிதை அழைத்துக் கேட்டார். இப்போது நிறுத்தினால், பாரசீகர் கட்டியதை இடிக்கவும் முஸ்லிம்களால் இயலவில்லை என உலகம் பேசும். ஆதலால் முழுவதையும் இடித்தே தீர வேண்டும் என்று காலித் இம்முறை கூறினார். அல்மன்சூர் அந்த ஆலோசனையையும் ஏற்கவில்லை. வீண்பெருமைக்காக நட்டத்தைத் தொடர விரும்பாமல் வேலையை நிறுத்திவிட்டார். மதாயினில் எஞ்சிய தாக்கு கிஸ்ரா என்னும் பெருவளைவு இன்றும் அங்கே நின்று கொண்டிருக்கின்றது.

இதே அனுபவம் 400 ஆண்டுகளுக்குப் பின் எகிப்தில் மீண்டும் நிகழ்ந்தது. சுல்தான் ஸலாஹுத்தீனின் அமீரான கராகூஷ், கெய்ரோவின் கோட்டையைக் கட்டும்போது கீஸாவிலிருந்த சிறிய பிரமிடுகள் சிலவற்றைக் கலைத்து அக்கற்களைப் பயன்படுத்தினார். அது கைகூடிற்று. ஸலாஹுத்தீனின் மகன் அல்மலிக்குல் அஸீஸ் உஸ்மான், 1196-ஆம் ஆண்டில், மூன்று பெரும் பிரமிடுகளுள் சிறியதைக் கலைக்க முற்பட்டார். அக்காலத்தில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ இந்நிகழ்ச்சியை விரிவாக எழுதி வைத்திருக்கின்றார். எட்டு மாதங்கள் ஆட்கள் பாடுபட்டும் நாளொன்றுக்கு ஒரு கல்லோ இரு கற்களோதாம் பெயர்ந்தன. மேலிருந்து உருண்ட கல் மணலில் புதைந்துவிடும். அதனைத் தோண்டி எடுத்து, ஆப்பு அடித்துப் பிளந்து, துண்டுகளாக்கிய பின்னரே நகர்த்த இயன்றது. இறுதியில் பணமும் தீர்ந்தது, வலிமையும் தீர்ந்தது. அந்தப் பிரமிடின் ஒரு பக்கத்தில் அவர்கள் ஏற்படுத்திய வடுவை இன்றும் காணலாம்.

நிற்கும் கட்டடத்தை அதன் பொருளுக்காக இடிப்பது பெரும்பாலும் நட்டத்தில் முடியும் என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் கற்பிக்கும் பாடம். இடிப்பதற்கு முன்னரே கணக்குப் பார்த்திருப்பின், எட்டு மாத உழைப்பு மிஞ்சியிருக்கும்.

குட்டைத் தூண்களும் இரட்டை வளைவும்

பழம்பொருளைப் பயன்படுத்துவதில் ஒரு தொல்லை உண்டு. அது நம் அளவுக்கு வருவதில்லை. இத்தொல்லையைக் கலையாக மாற்றியவர்கள் மேற்குலக முஸ்லிம்கள்.

துனீசியாவின் கைரவான் நகர் கி.பி. 670-இல் உக்பா இப்னு நாஃபி (ரஹ்) அவர்களால் நிறுவப்பட்டது. அங்குள்ள பெரிய பள்ளிவாசலை அக்லபிய ஆட்சியாளர் முதலாம் ஸியாதத்துல்லாஹ் 836-ஆம் ஆண்டில் புதுக்கிக் கட்டினார். அதன் நூற்றுக்கணக்கான தூண்களுட் பல, கார்த்தேஜ் முதலிய ரோமானிய நகரங்களின் இடிபாடுகளிலிருந்து வந்தவை. ஒன்று பளிங்கு, மற்றொன்று கருங்கல். ஒன்றன் போதிகை ஒரு வகை, அடுத்ததன் போதிகை வேறு வகை. தொழுகை வரிசையில் ஆண்டியும் அரசனும் தோளொட்டி நிற்பது போல அத்தூண்கள் ஒரே கூரையைச் சுமந்து நிற்கின்றன.

ஸ்பெயினின் குர்துபா நகரில் முதலாம் அப்துர் ரஹ்மான் கி.பி. 785 அளவில் பெரிய பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கியபோது கிடைத்தவை ரோமானியர், விஸிகோத்தியர் காலத்துத் தூண்கள். அவை உயரத்தில் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. அவ்வளவு பெரிய மண்டபத்திற்குக் குட்டையானவை. கொத்தர்கள் நெட்டைத் தூணின் அடியைத் தரைக்குள் இறக்கினர். குட்டைத் தூணின் மீது கனத்த தலைக்கல் வைத்து உயர்த்தினர். அதன் பின்னும் கூரை தாழ்ந்தே இருக்கும் என்பதால், தூணின் மேல் மற்றொரு கல்தூணை எழுப்பி, கீழே ஒரு வளைவும் மேலே ஒரு வளைவுமாக இரண்டு அடுக்கு அமைத்தனர். கீழ்வளைவு தூண்களைச் சாயாமல் பிடித்துக்கொள்ள, மேல்வளைவு கூரையைத் தாங்கியது. செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி வைத்துக் கட்டப்பட்ட அந்தச் சிவப்பு வெள்ளை வளைவுகளைக் காண இன்று உலகமே திரண்டு செல்கின்றது. அந்த அழகு பற்றாக்குறையில் பிறந்தது என்பதைச் சென்று காண்போருள் எத்துணைப் பேர் அறிவர்? பின்னர் 962-இல் இரண்டாம் ஹகம் பள்ளிவாசலை விரிவாக்கியபோது புதுத் தூண்கள் செதுக்கப்பட்டன. அப்போதும் குட்டைத் தூண்கள் வகுத்துத் தந்த இரட்டை வளைவு முறையையே அவர்கள் பின்பற்றினார்கள்.

தூண் வேண்டாத பள்ளிவாசல்

பழையதை எடுத்துப் பயன்படுத்துவது சிக்கனமே. எனினும் அது எப்போதும் நியாயமாக நடந்ததில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. தில்லியில் குதுப் மினாருக்கு அருகே உள்ள குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலின் வாயிற் கல்வெட்டே, 27 கோயில்களின் பொருள்கள் அதில் பயன்பட்டதாகக் கூறுகின்றது. 1291-இல் அக்கா நகரைச் சிலுவைப் போராளிகளிடமிருந்து மீட்ட மம்லூக்குகள், அங்கிருந்த தேவாலயமொன்றின் வாயிலைப் பெயர்த்துக் கெய்ரோவுக்குக் கொண்டு வந்தனர்; சுல்தான் நாஸிர் முஹம்மதின் மத்ரஸா வாயிலாக அது இன்றும் நிற்கின்றது. இவை போரின் வெற்றிச் சின்னங்கள். வென்றவன் எடுத்தான் என்பதற்கு மேல் இவற்றில் சிக்கனமும் இல்லை, கூஃபாவில் பார்த்த கணக்கும் இல்லை.

இதற்கு மாறான ஓர் உதாரணத்தையும் எகிப்தே தருகின்றது. அஹ்மது இப்னு தூலூன் 876-இல் ஒரு பெரும் பள்ளிவாசல் கட்ட விரும்பினார். 300 தூண்கள் வேண்டும் என்றும், நாட்டுப்புறங்களிலுள்ள தேவாலயங்களிலிருந்தும் பாழடைந்த இடங்களிலிருந்தும் எடுத்தாலன்றி அவை கிடைக்கமாட்டா என்றும் அவரிடம் சொல்லப்பட்டது. அவர் மனம் அதற்கு ஒப்பவில்லை. அப்போது சிறையில் இருந்த கிறிஸ்தவக் கட்டடக் கலைஞர் ஒருவர், மிஹ்ராபுக்கு வேண்டியவை தவிரத் தூண்களே இன்றிக் கட்டித் தருவதாக எழுதி அனுப்பினார். அவர் அழைத்துவரப்பட்டு, தோலின் மீது படம் வரைந்து காட்டினார். இப்னு தூலூன் வியந்து, அவருக்கு உயர்ந்த அங்கி அணிவித்து, வேலையை ஒப்படைத்தார். 879-இல் முடிவுற்ற அப்பள்ளிவாசல், செங்கற் கட்டுத் தூண்களின் மீது எழுந்து இன்றளவும் கெய்ரோவில் நிலைத்திருக்கின்றது. இச்செய்தியை அல்பலவீயும், அவரைப் பின்பற்றி மக்ரீஸீயும் எழுதியிருக்கின்றனர்.

பிறர் பொருளைப் பெயர்த்தெடுக்க மறுத்த ஒருவருக்குப் புதியதொரு வழி திறந்தது. அந்த வழியைக் காட்டியவர் மாற்றுச் சமயத்தவர் என்பதும், அவர் கை வண்ணத்திலேயே அப்பள்ளிவாசல் எழுந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

சாம்பலும் செங்கற்பொடியும்

முழுமையாக நிற்கும் தூணுக்கு மறுவாழ்வு கிடைத்தது போலவே, உடைந்து நொறுங்கியதற்கும் ஒரு வழி இருந்தது. கெய்ரோவின் பொதுக் குளியலகங்களான ஹம்மாம்களில் நீரைக் காய்ச்ச ஊரின் குப்பையை எரித்தனர். அந்த உலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து செய்த சாந்துக்குக் குஸ்ருமில் என்று பெயர். ஈரம் பட்டாலும் இறுகி நிற்கும் சாந்து அது. நம் நாட்டிலும் உடைந்த செங்கல்லை இடித்துப் பொடியாக்கி, சுர்க்கி என்னும் பெயரில் சுண்ணாம்புடன் கலந்தனர். சுடப்பட்ட களிமண்ணின் தூள் சுண்ணாம்புடன் சேர்ந்து நீரிலும் இறுகும் என்பதைக் கொத்தர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

சுண்ணாம்புக்கு மற்றொரு நற்குணமும் உண்டு. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைக் காட்டிலும் மென்மையானது. சுவர் இடிந்தால் சாந்து விட்டுக் கொடுக்கும். செங்கல் முழுதாக வெளிவரும். இரண்டு தட்டுத் தட்டினால் ஒட்டியிருக்கும் காரை உதிர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபோது ஜெர்மனியின் நகரங்களில் சுமார் 40 கோடி கன மீட்டர் இடிபாடு குவிந்து கிடந்தது. பெண்கள் பலர் சுத்தியும் கையுமாக அமர்ந்து செங்கற்களைத் தட்டித் துப்புரவு செய்து அடுக்கினர். சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்ட சுவர்கள் மிகுதியாக இருந்ததால் அவ்வேலை எளிதாயிற்று.

1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த இன்றைய சிமெண்டு செங்கல்லையே மிஞ்சும் வலிமை உடையது. அவ்வலிமையே இங்கே குறையாக முடிகின்றது. சிமெண்டுச் சுவரைப் பிரித்தால் சாந்து பிரிவதற்கு முன் செங்கல் உடைந்துவிடும். பாட்டன் வீட்டுச் செங்கல்லைக் கொண்டு பேரன் வீடு கட்டலாம். நாம் கட்டும் வீட்டின் செங்கல் நம் பேரனுக்கு உதவாது. அதனை அரைத்துத்தான் பயன்படுத்த இயலும். அதற்கும் வழி வகுக்கப்பட்டிருக்கின்றது. 2016-இல் திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 383, பழைய கான்கிரீட்டை உடைத்துச் செய்த ஜல்லியை, கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையிலும், எம் 25 தரம் வரையுள்ள கம்பிக் கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையிலும் சேர்க்க இசைவளித்தது. அதே 2016-இல் இந்திய அரசு கட்டடக் கழிவுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டு, பெரிய அளவில் இடிப்போர் கான்கிரீட், மண், செங்கல்லும் சாந்தும், இரும்பும் மரமும் பிளாஸ்டிக்கும் என வகை பிரிக்க வேண்டும் என்றது. 2025-இல் அவ்விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன.

ஃபிக்ஹின் தீர்ப்பு

அரசுகள் இன்று விதி வகுக்கும் இத்துறையில் நம் ஃபிக்ஹு அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்ப்புக் கூறியிருக்கின்றனர். இடிந்த கட்டடத்தின் பொருளுக்கு அவர்கள் நக்ளு என்று பெயரிட்டனர். ஹிஜ்ரி 593-இல், அதாவது கி.பி. 1197-இல், மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ஹிதாயா என்னும் ஹனஃபீ நூலில் வக்ஃபுக் கட்டடத்தின் இடிபாடு பற்றிய சட்டம் தெளிவாக உள்ளது. அப்பொருள் முதலில் அந்த வக்ஃபின் பழுது பார்ப்பதற்கே பயன்பட வேண்டும். இப்போது தேவையில்லையாயின், தேவைப்படும் நாள்வரை பாதுகாக்கப்பட வேண்டும். பழைய இடத்தில் மீண்டும் பொருத்தவே இயலாதெனில் அதனை விற்று, அத்தொகையைப் பழுது பார்ப்பதற்கே செலவிட வேண்டும். வக்ஃபின் பயனைப் பெறுவோர் அதனைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளலாகாது.

இதற்குக் கூறப்படும் காரணமே மிகவும் சிந்திக்கத்தக்கது. பயனாளிகளுக்கு உரியது வக்ஃபின் பயன் மட்டுமே. மூலப்பொருளில் அவர்களுக்கு உரிமை இல்லை. செங்கல்லும் உத்திரமும் மூலப்பொருளின் பகுதிகள். சுவர் விழுந்ததால் அந்நிலை மாறிவிடுவதில்லை.

கடற்கரை ஊர்களில் வாழும் நம்மவர் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபும் இதில் கண்டிப்பானது. ஒரு பள்ளிவாசல் பாழ்பட்டு, அதனை மீண்டும் எழுப்ப வழியில்லையாயின், அதன் இடிபாட்டைக் கொண்டு வேறொரு பள்ளிவாசலைக் கட்டலாம், அருகிலுள்ளது சிறப்பு. அதற்கும் வாய்ப்பில்லையேல் பாதுகாத்து வைக்க வேண்டும். பள்ளிவாசலின் கல்லைக் கொண்டு கிணறு கட்டுவதைக்கூட அவ்வறிஞர்கள் ஏற்கவில்லை.

நம் கடமை

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்குமிடத்து, இடிக்க நினைக்கும் ஒருவர் முன் நான்கு கேள்விகள் நிற்கின்றன. இடிப்பது அவசியந்தானா? அல்மன்சூர் பிந்திப் பார்த்த கணக்கை நாம் முந்திப் பார்த்தோமா? வெளிவரும் ஒவ்வொரு பொருளுக்கும் உரியவர் யார் என்று கூஃபாவில் போல எழுதி வைத்தோமா? புதிதாக எழுப்புவது நம் தேவைக்கா, பக்கத்து ஊரை விஞ்சுவதற்கா?

சொந்த வீட்டை இடிப்பவர் இக்கேள்விகளைத் தம் மனத்திடம் கேட்டுக்கொண்டால் போதும். பள்ளிவாசலை இடிக்கும் ஜமாஅத்தாரும் முத்தவல்லிமாரும் அவற்றுக்கு ஊராரிடமும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். நூறாண்டுகளுக்கு முன் ஒரு வணிகர் பர்மாத் தேக்கில் உத்திரம் வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஓர் ஏழைக் கைம்பெண் தன் தாலிப் பொன்னை விற்று நான்கு வண்டிச் செங்கல் இறக்கியிருக்கலாம். அவர்கள் கொடுத்தது கட்டடத்துக்கன்று, அல்லாஹ்வின் பாதைக்கு. சுவர் நின்றாலும் விழுந்தாலும் அந்தக் கொடை முடிந்துவிடவில்லை.

ஆகவே இடிக்கும் முன் ஒரு பட்டியல் எழுதுக. உத்திரம் எத்தனை, தூண் எத்தனை, கதவு எத்தனை, முழுச் செங்கல் எவ்வளவு என்று கொத்தனாரையும் தச்சரையும் உடன் வைத்துக் கணக்கிடுக. புதுக் கட்டடத்தில் பொருந்துவதைப் பொருத்துக. பொருந்தாததை அருகில் கட்டப்படும் பள்ளிவாசலுக்குத் தருக. விற்க நேர்ந்தால், தத்தம் மத்ஹபின் ஆலிம்களைக் கலந்து விற்று, வந்த தொகையைக் கணக்கில் காட்டுக. நொறுங்கியதையும் தரம் பிரித்து அரைக்கக் கொடுக்க வழியிருக்கையில், ஊர் மக்கள் நீர் அள்ளும் ஊருணியை அதனால் தூர்க்க வேண்டாம். கட்டும்போது ஒவ்வொரு செங்கல்லுக்கும் ரசீது எழுதிய நாம், இடிக்கும்போது எழுதாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.